தூரம் ஏறவில்லை, முழங்கை வலிக்கிறது: வேகம் 12 தட்டுக்கு மாறலாமா?

மார்ச் 3, மாலை (வாசகர் கேள்வி)

டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டை எறிந்து கூடைக்குள் போடும் ஆட்டம், ஆட ஆரம்பித்து ஆறு மாதம். வலக்கை பேக்ஹேண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது). 70 மீட்டரிலேயே நிற்கிறேன். கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் வேகம் 12, 13 டிரைவர் (தூரத்துக்கான தட்டு) வைத்திருக்கிறார்கள். இரவல் வாங்கி எறிந்தால் பாதி வழியிலேயே இடப்பக்கம் வெட்டிக்கொண்டு போய் விழுகிறது. ஃபோர்ஹேண்ட் (கையை உடம்பின் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து எறிவது) எறிந்த மறுநாள் முழங்கை வலிக்கிறது. இன்னும் பலமாக எறியப் பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். சொந்தமாக ஒன்று வாங்கலாமா?

மார்ச் 3, இரவு

வாங்காதீர்கள். முழங்கை வலிக்கும்போது "இன்னும் பலமாக" என்ற எண்ணமே வேண்டாம்.

தட்டின் மேல் நான்கு எண்கள் இருக்கும். வேகம், மிதப்பு, திருப்பம் (வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாய்வது), கடைசியில் இடப்பக்கம் விழும் சாய்வு. டெஸ்ட்ராயர் என்ற டிரைவர் என்றால் 12, 5, -1, 3. முதல் எண்ணைப் பார்த்துவிட்டு, இந்தத் தட்டு அவ்வளவு வேகம் கொடுக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தட்டு நம் கையிடம் கேட்கிற வேகம் அது. நீங்கள் 70 மீட்டர் எறிகிறீர்கள் என்றால் உங்கள் கை தருவது ஏறக்குறைய வேகம் 5, 6 தட்டு கேட்கிற அளவு. அந்தக் கையில் 12-ஐக் கொடுத்தால் திருப்பம் என்ற மூன்றாவது எண் வேலையே செய்யாது. நான்காவது எண் மட்டும் முன்கூட்டியே வந்துவிடும். அதனால்தான் பாதி வழியில் வெட்டுகிறது.

அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நடந்தது. தட்டு இடப்பக்கம் போகிறதே என்று, விடும் நொடியில் மணிக்கட்டைத் திருகி வெளி விளிம்பைத் தூக்கி எறிய ஆரம்பிப்பீர்கள். சில எறிதல் நேராகக்கூடப் போகும். மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தத் திருகலை முழங்கை தாங்க வேண்டியிருக்கும். நான் இப்படி ஒன்றரை வருடம் எறிந்தேன். கிடைத்தது 10 மீட்டர் கூடுதல் தூரம், அப்புறம் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாத கை.

மார்ச் 4

எடையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். டிரைவர்கள் பெரும்பாலும் 170 முதல் 175 கிராம். தட்டின் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரைதான் இருக்கலாம் என்பது டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதி. 21.2 சென்டிமீட்டர் தட்டுக்குக் கணக்குப் போட்டால் 176 கிராமுக்குப் பக்கத்தில் வரும். அதனால்தான் 175 என்ற எண்ணை எங்கும் பார்க்கிறோம். அது உச்ச வரம்பு. அதையே எறிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 150 கிராம் அளவிலும் தட்டுகள் கிடைக்கும். வலி இருக்கிறவர்கள் முதலில் எடையைக் குறைத்துப் பாருங்கள்.

காற்றடிக்கும் நாளில் லேசான தட்டு அலைபாயும், அது உண்மை. அந்த நாளில் ஸ்கோர் கொஞ்சம் போனால் போகட்டும்.

மார்ச் 6

முழங்கையில் எந்தப் பக்கம் வலி என்று கேட்டதற்கு "உள்பக்கம்" என்று பதில் வந்திருக்கிறது. இன்னொருவர் தனக்கு வெளிப்பக்கம் என்கிறார். இரண்டும் வேறு வேறு கதை, தனித்தனியாகச் சொல்கிறேன்.

உள்பக்க வலி பெரும்பாலும் ஃபோர்ஹேண்டிலிருந்து வரும். கையை உடம்பை விட்டு அகற்றி, முழங்கையை நீட்டியபடி சுழற்றி எறிந்தால் முழங்கையின் உள்பக்கத் தசைநார் பிளந்துகொண்டு இழுபடும். பேஸ்பால் பிட்ச்சர்களுக்குக் காயம் வருகிற இடமும் இதுதான். சரியான ஃபோர்ஹேண்டில் முழங்கை விலாவுக்குப் பக்கத்தில் மடங்கி முன்னால் வரும், உள்ளங்கை வானத்தைப் பார்க்கும், கடைசியில் மணிக்கட்டு மட்டும் சொடுக்கும். விட்டபிறகும் உள்ளங்கை மேல்நோக்கியே இருக்கிறதா என்று பாருங்கள். கவிழ்ந்திருந்தால் திருகியிருக்கிறீர்கள். தட்டும் அதைக் காட்டிக்கொடுக்கும். கையை விட்டுப் போன முதல் 10 மீட்டரில் தட்டு நடுங்கும்.

மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மரத்துப்போகிற மாதிரியோ ஊசி குத்துகிற மாதிரியோ இருந்தால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். அதற்கு இங்கே பதில் தேடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

வெளிப்பக்க வலிக்கு நான் முதலில் கேட்பது, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்பதுதான். டென்னிஸ் எல்போ என்கிறார்களே, அந்த இடம். இங்கேயும் தட்டுத் தேர்வு உள்ளே வருகிறது. பட்டரின் (கூடைக்குப் பக்கத்தில் எறியும் மெதுவான தட்டு) விளிம்பு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அகலம். வேகம் 12 தட்டில் அது சுமார் 2.2 சென்டிமீட்டர் இருக்கும். விதிப்படி 2.6 வரை போகலாம். விரல் குட்டையானவர்களால் அதை முழுசாக வளைத்துப் பிடிக்க முடியாது. நழுவிவிடுமோ என்று, எறிவதற்கு முன் ஓடிவரும் ஓட்டத்தின் ஆரம்பத்திலிருந்தே கையை இறுக்கிக்கொள்வார்கள். முன்கைத் தசை எறிதல் முழுக்க முறுக்கேறியே இருக்கும். ஒரு நாளைக்கு 60 எறிதல் என்றால் 60 தடவை.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழித்து

"அப்போ இறுக்கவே கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். கடைசி நொடியில் இறுக வேண்டும். பின்னால் கொண்டுபோகும்போது, பக்கத்தில் நிற்கும் யாராவது உருவினால் வந்துவிடும் அளவுக்குத் தளர்வாக இருக்கலாம். மார்பைத் தாண்டும்போது கை தானாகவே இறுகும்.

மார்ச் 8

பட்டர், மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கான தட்டு) எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை, தூரம் வேண்டுமென்றால் டிரைவர்தான் என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை.

2021 டிஸ்க் கோல்ஃப் உலகச் சாம்பியன்ஷிப், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரம், கடைசிச் சுற்றின் 18வது குழி, அதாவது 18வது கூடை. பால் மெக்பெத் ஒரு எறிதல் முன்னிலை. ஜேம்ஸ் கான்ராட் நின்ற இடத்திலிருந்து கூடைக்கு 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டர். அங்கிருந்தே எறிந்து கூடைக்குள் போட்டார், ஆட்டம் சமன் ஆனது, சமனை முறிக்கும் பிளேஆஃபில் பட்டத்தையும் வென்றார். எறிந்தது என்வி என்ற பட்டர். வேகம் 3. கேள்வி கேட்டவர் டிரைவரால் எட்ட முடியாத தூரத்தை ஒரு பட்டர் எட்டியிருக்கிறது, அதுவும் குறி தப்பாமல். வேகம் கையில் இருந்தால் மெதுவான தட்டும் போகும்.

கொஞ்சம் பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். எட் ஹெட்ரிக் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தது 1975இல். அப்போது கூர்மையான விளிம்பு என்ற பேச்சே கிடையாது, எல்லாம் உருண்டை விளிம்புத் தட்டுகள். விளிம்பைச் சரிவாகச் சீவிய தட்டு 1983இல் டேவ் டுனிபேஸ் வடிவமைத்த ஈகிள் என்ற தட்டோடு வந்தது. அதற்கு முன்னால் ஆடியவர்கள் தூரத்தை உடம்பால் கற்றுக்கொண்டார்கள், வேறு வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது என்பதால் அந்தப் பாடத்தைத் தாண்டிப்போகப் பார்க்கிறோம்.

மார்ச் 15

சரி, என்னதான் செய்வது என்று கேள்வி கேட்டவர் பொறுமை இழந்து எழுதியிருக்கிறார். நியாயம். நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஓட்டத்தை நிறுத்துங்கள். நின்ற இடத்தில் நின்றபடி, ஒரே ஒரு பட்டரும் ஒரே ஒரு மிட்ரேஞ்சும். மூன்று வாரம். ஃபோர்ஹேண்ட் வேண்டாம்.

முதல் வேலை இழுப்பு நேராக வருகிறதா என்று பார்ப்பது. பின்னால் கொண்டுபோன தட்டு உடம்பைச் சுற்றி வளைந்து வந்தால் தோளின் பின்பக்கம்தான் பாரம் சுமக்கும். அது நெஞ்சுக்கு ஒட்டி, ஒரு கயிற்றின் மேல் ஓடுகிற மாதிரி நேராக வர வேண்டும். மேல்கைக்கும் மார்புக்கும் இடையில் ஒரு இடைவெளி கடைசி வரை இருக்க வேண்டும். அந்த இடைவெளி மூடிக்கொள்கிற நொடியில் தோள் மாட்டிக்கொள்கிறது. நான் ஒரு துண்டைச் சுருட்டி அக்குளுக்கு முன்னால் வைத்துக்கொண்டு மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். துண்டு நசுங்கினால் தப்பு.

இரண்டாவது, கதவு நிலை. வலக்கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, எறியப்போகிற மாதிரி நின்று, கையை இழுக்காமல் இடுப்பை மட்டும் திருப்புங்கள். முதுகு முழுக்க ஒரு இழுவை தெரியும். பின்காலில் இருந்த பாரம் முன்காலுக்குப் போய்ச் சேரும். கை அதுவரை சும்மா இருக்கும். அந்த உணர்வை அப்படியே மைதானத்துக்கு எடுத்துப்போங்கள்.

எனக்கு இது பிடிபட்ட நாள் இன்னமும் ஞாபகம் இருக்கிறது. பாதிப் பலத்தில் எறிந்த ஒரு மிட்ரேஞ்ச், விரலை விட்டுப் போகும்போது "டப்" என்று ஒரு சத்தம். நான் விட்ட மாதிரியே இல்லை, தட்டு தன் கனத்தால் விரலைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஆள்காட்டி விரலின் உள்மடிப்பில் சிவப்பாக ஒரு கோடு. நடந்துபோய் அளந்தேன், 78 மீட்டர். அதுவரை அந்தத் தட்டை முழுப் பலத்தோடு 65-க்கு மேல் எறிந்ததில்லை. அன்றைக்கு முழங்கை வலிக்கவில்லை.

மார்ச் 17

மேலே எழுதியதில் ஒரு ஆபத்து இருக்கிறது, திருத்திக்கொள்கிறேன். "பாரம் முன்காலுக்குப் போய்ச் சேரும்" என்பதைப் படித்துவிட்டு ஒருவர் முன்பாதத்தைத் தரையில் ஆணி அடித்த மாதிரி ஊன்றி எறிந்திருக்கிறார். இரண்டு நாளாக முழங்கால் வீங்கியிருக்கிறதாம். என் எழுத்தில் இருந்த குறை அது. அவரிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

முன்கால் ஊன்ற வேண்டும், உடம்பு அதைத் தாண்டி ஓடிவிடக்கூடாது. ஆனால் தட்டு கையை விட்டதும் அந்தப் பாதம் திரும்ப வேண்டும். இடுப்பும் தொடையும் திரும்பிக்கொண்டிருக்க, பாதம் மட்டும் தரையில் சிக்கி நின்றால் அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்குள் போய்விடும். குதிகாலின் மேல் சுழலுங்கள், விரல்கள் லேசாக மேலே எழட்டும். ஈரப் புல்லில் முள் ஆணி வைத்த காலணி போட்டுக்கொண்டு எறிவது எனக்குப் பயமாகவே இருக்கிறது. வழுக்காது, சரி. திரும்பவும் விடாதே.

வீங்கியவர் வீக்கம் வற்றும் வரை எறியவே வேண்டாம். நடக்கும்போது முழங்கால் பிசகுகிற மாதிரி இருந்தால் காட்டிவிடுங்கள்.

ஏப்ரல் 2

தட்டு வேகமாகப் போகும்போது வலம், வேகம் குறைந்ததும் இடம் சாய்கிறதே, ஏன் அப்படி என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. பம்பரம் தலை சாய்ந்தும் உடனே விழாமல் சுற்றிவருகிறதே, அதே விஷயம்தான். தட்டைக் காற்று தூக்குகிற புள்ளி சரியாக நடுவில் இருப்பதில்லை. வேகம் குறையக் குறைய அது முன்பக்கம் நகர்ந்து மூக்கை, அதாவது தட்டின் முன் விளிம்பை, மேலே தூக்கப் பார்க்கிறது. சுழலாத பொருளாக இருந்தால் மூக்கு நிமிர்ந்திருக்கும். சுழல்வதால் அந்தத் தள்ளல் கால் சுற்று தள்ளி வெளிப்படும். வலக்கை பேக்ஹேண்டில் தட்டு கடிகார திசையில் சுழல்கிறது, ஆகவே வலது விளிம்பு எழும், இடது இறங்கும், தட்டு இடப்பக்கம் போகும். நல்ல வேகத்தில் போகும்போது தள்ளல் எதிர்மாறாக இருப்பதால் வலப்பக்கம் சாய்கிறது. இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் காயத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், தட்டு ஏன் இடப்பக்கம் போனது என்று புரிந்துவிட்டால் மணிக்கட்டைத் திருகி அதைத் தடுக்கத் தோன்றாது. திருப்பம் அதிகமுள்ள மெதுவான தட்டை எடுப்பீர்கள்.

ஏப்ரல் 19

காற்று. எதிர்க்காற்றில் பலமாக எறிவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. எதிர்க்காற்றில் தட்டுக்குக் கிடைக்கும் காற்று வேகம் ஏற்கெனவே கூடிவிடும், திருப்பமும் கூடும். பலம் போட்டால் கவிழ்ந்துவிடும். தாழ்வாக, நிதானமாக, திருப்பம் குறைந்த தட்டை எறியுங்கள். பின்காற்றில் தட்டு தரையைத் தேடும். மிதப்பு அதிகமான, திருப்பம் உள்ள தட்டைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால் காற்று தூக்கிப் போகும்.

338 மீட்டர் எறிந்திருக்கிறார்களே என்று எழுதியவருக்கு: 2016இல் டேவிட் விகின்ஸ் ஜூனியர் எறிந்தது அது. நெவாடாவின் பாலைவனத்தில், பலத்த பின்காற்றைப் பார்த்துக் காத்திருந்து எறிந்த எறிதல். அதன் முன்னால் உங்கள் 70-ஐ வைத்து வருத்தப்படாதீர்கள்.

மே 11

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்! மிட்ரேஞ்ச் 82 மீட்டர், நின்ற இடத்திலிருந்து. படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முழங்கை நான்கு வாரமாக வலிக்கவில்லையாம். இனி டிரைவர் வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாம், ஆனால் 12 வேண்டாம். லெப்பர்ட் என்ற தட்டு மாதிரி ஒன்று, 6, 5, -2, 1. என் சொந்த அளவுகோல் இதுதான்: பட்டரை 60 மீட்டர் நடுங்காமல் எறிந்தால் மிட்ரேஞ்ச். மிட்ரேஞ்ச் 80 போனால் வேகம் 6, 7. அந்த வேகம் 6, 7 தட்டு 100-ஐத் தாண்டினால் வேகம் 9. அதற்கு மேல் அவசரம் இல்லை. எனக்குப் பத்து வருடம் ஆகிறது, பையில் வேகம் 12 தட்டு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பலத்த எதிர்க்காற்றுக்கு.

ஓட்டத்தைச் சேர்க்கும்போது நடையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றடி நடை, குறுக்காக ஒரு அடி, ஊன்று. ஓடினால் தட்டு போவதற்கு முன் உடம்பு போய்விடும்.

ஜூன் 8

இரண்டு விஷயத்தில் என் பேச்சு மாறுகிறது.

ஒன்று, மெதுவான தட்டு என்றால் காயமே வராது என்கிற தொனியில் எழுதிவந்திருக்கிறேன். போன மாதம் கூடைக்கு 8 மீட்டரில் நின்று தினம் 300 பட்டிங் (பட்டரைக் கூடைக்குள் போடுவது) பழகினேன். பத்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. எறிதலால் இல்லை. 300 தடவை குனிந்து தட்டைப் பொறுக்கியதால். இப்போது எட்டு தட்டை இடக்கையில் அடுக்கி வைத்துக்கொண்டு எறிகிறேன். பொறுக்கும்போது முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுகிறேன். நாளைக்கு 80 போதும். பழக்கத்தின் அளவைத் திடீரென்று ஏற்றியதுதான் என் தப்பு.

இன்னொன்று மூக்குக் கோணம். இதை மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். 70 மீட்டரில் நிற்கிற பலருக்கு வேகம் போதுமானதாகவே இருக்கிறது. தட்டின் மூக்கு மேலே பார்த்தபடி போவதால் காற்றில் ஏறி, நின்று, இடப்பக்கம் சரிகிறது. பக்கத்தில் ஒருவரை நிறுத்திக் கைபேசியில் பக்கவாட்டில் படம் எடுங்கள், மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தட்டின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட உயரமாகத் தெரிந்தால் மூக்கு நிமிர்ந்திருக்கிறது. பிடியில் தட்டு உள்ளங்கையின் குறுக்கே, சுண்டு விரல் பக்கத்து மேட்டை நோக்கி இருக்கட்டும். மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்துக்கொள்ளுங்கள், தேநீர்க் கோப்பையில் ஊற்றுகிற மாதிரி. ஒரு சொட்டுப் பலம் கூட்டாமல் எனக்கு 9 மீட்டர் கிடைத்தது இதில்தான்.

ஜூன் 9

கைகளைச் சூடேற்றுவது பற்றிக் கேட்டவருக்கு: முதல் குழியில் முழுப் பலம் வேண்டாம். பத்து நிமிடம் வேகமாக நடை, கை வட்டம், இடுப்புத் திருப்பம், அப்புறம் பட்டரில் 20 மீட்டர், 30, 40 என்று ஏறுங்கள். குளிர் நாளில் இன்னும் கூடுதல் நேரம்.

ஜூலை 21

முதலில் கேள்வி கேட்டவரிடமிருந்து தனிச் செய்தி. ஃபோர்ஹேண்டைத் திரும்பத் தொட்டிருக்கிறார். பட்டரில் 25 மீட்டர், ஒரு நாளைக்குப் பத்து எறிதல், ஒரு நாள் விட்டு ஒரு நாள். படமும் அனுப்பியிருக்கிறார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முழங்கை விலாவோடு ஒட்டி வருகிறது, தட்டு போனபிறகும் உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. ஏழாவது எறிதலில் மட்டும் கொஞ்சம் கவிழ்கிறது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். இந்த வாரம் ஆறோடு நிறுத்திக்கொள்கிறாராம்.